சாதிச் சான்றிதழுக்கு ஒரு போட்டோ

கிராம அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்த அன்று காலை, வேதப்புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் நானே புதைத்தேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. சுவரில் இருந்த வசன காலண்டரைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டேன். வாசல் நிலைக்கு மேல் ஒட்டியிருந்த சிலுவை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. மீதியின் மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். என் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

அவள் அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அரசு நர்சிங் காலேஜில் சேர வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் எடுத்த மார்க்குக்கு எஸ்.சி. பட்டியலில் இடம் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். சான்றிதழில் கிறிஸ்தவர் என்று வந்துவிட்டால் பி.சி. ஆகிவிடும். அந்த வரிசையில் அவள் மார்க் எட்டாது.

இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த மறுநாளும் நான் அதே தெருவில்தான் இருந்தேன். அதே கழனியில்தான் நாற்று நட்டேன். எங்கள் பிணம் இன்றைக்கும் வரப்பு மேல்தான் போகிறது. சாமி கும்பிடுகிற இடம் மாறினால் ஊரில் எங்கள் இடம் மாறிவிடுமா? எங்கே மாறியது, காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.

அதனால்தான் உத்திரமேரூர்ப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஜெபக் கூட்டத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, பழகிப்போய்விட்டது. எங்கள் பாஸ்டருக்கே இரண்டு பெயர்தான். என்ன செய்யட்டும் என்று அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு நாள்தானே, கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்றார். மனிதர்கள் முன்னால் இயேசுவை மறுதலிக்கக் கூடாது என்று முந்தின வாரம் மைக் கிழியக் கத்திய அதே வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதானே நானும் போனேன்.

நான் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கிறிஸ்தவள் அல்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வீடு வீடாகப் போவேன். காய்ச்சல்காரர், பிள்ளை இல்லாதவள், புருஷனிடம் அடி வாங்கினவள், யார் கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்து வாசித்து ஜெபம் பண்ணுவேன். என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, ஆறு மாதம் படுக்கையிலேயே கிடந்து செத்தார். அப்போது அந்தப் புத்தகம்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. பயப்படாதே என்று வருகிற இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தேன். அத்தனை கோடும் போட்டுவிட்டுத்தான், பயந்துபோய் அதை அரிசிக்குள் தள்ளினேன்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். வெளியூர்க்காரர், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கூடவே சாட்சி சொல்ல, எனக்கு வேலை கொடுக்கிற கழனிக்கார அம்மா வந்திருந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டபோது, தோட்டத்துப் பக்கமாக வா என்று எனக்கு ஆள் அனுப்பினவர். நானும் பின்வாசல் வழியாகப் போய், மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டிலில் கிடந்த மனிதருக்கு ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். ஒரு தடவை இல்லை, ஏழு வாரம்.

அதிகாரி தெருவில் நின்றபடியே, சர்ச்சுக்குப் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒத்திகை பார்த்தவள் மாதிரி சொன்னேன்.

"அவ நம்ம அம்மன் கோயிலுக்குத்தான் சார் வந்துக்கினு கீறா," என்றார் கழனிக்கார அம்மா. "ஆடி மாசம் கூழு ஊத்தச்சொல்லோ மொத ஆளா நிப்பா."

எனக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அப்படியென்றால் கோயிலில் அம்மாவும் பெண்ணுமாக நில்லுங்கள், ஃபைலுக்கு ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார் அதிகாரி. அவரும் நல்ல மனிதர்தான். அன்றைக்கு எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள்.

நடந்தோம். அந்தக் கோயிலுக்குள் எங்கள் தெரு ஆள் ஒருவர்கூடப் போய் நான் பார்த்ததில்லை. இயேசுவைக் கும்பிடுகிறவர்கள் மட்டுமல்ல, அந்த அம்மனையே கும்பிடுகிற எங்கள் ஆட்களும் ரோட்டில் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான். வெளியூர் அதிகாரிக்கு இது எங்கே தெரியும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே போய் நில்லுங்கள், சன்னதி தெரியட்டும் என்றார்.

கழனிக்கார அம்மா என் காதருகில் வந்தார். "உள்ள போவாத. கேட்டாண்டயே நில்லு. கோபுரம் தெரியற மாரி புடிக்கச் சொல்றேன்."

அதட்டவில்லை. சேறாக இருக்கிறது, பார்த்துக் கால் வை என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் கோயிலுக்கு வருகிறவள் என்று அவர் சத்தியம் செய்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எரிந்து என்ன? மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேட்டோரம் நின்றேன். அவர் காட்டிய இடத்தில், அவர் காட்டிய மாதிரியே நின்றேன். முகத்தைச் சரியாக வைத்துக்கொள் என்று மகளிடம் வேறு சொன்னேன்.

அவள் என் கையை உதறினாள்.

"சார், இந்தக் கோயிலுக்குள்ள நாங்க போனதே கெடயாது. எங்கள வுட மாட்டாங்க. எங்கம்மா பைபிள் படிக்கும், நானும் படிப்பேன். அத்த எழுதிக்கோங்க."

அறைந்தேன். கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால், கன்னம் சிவக்க அறைந்தேன். அவள் பேசியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் பேசினாள். பொய் சொன்ன அந்த அம்மாவை அடிக்க எனக்குத் துப்பில்லை. பாஸ்டரைக் கேட்கத் துப்பில்லை. உண்மையைச் சொன்ன பிள்ளையைத்தான் அடிக்க முடிந்தது. அதிகாரி போனைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி எழுதினார்.

அவள் சொன்னபடியே சான்றிதழ் வந்தது. நர்சிங் இடம் கிடைக்கவில்லை. இப்போது விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். போகும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறாள். பாஸ்டர் இந்தக் கதையை இரண்டு ஊரில் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். வேதத்தில் சிங்கக் குகைக்குள் பயப்படாமல் நின்றவனைப் போல நின்றாளாம். நான் அறைந்ததையும் அவர் எனக்குச் சொன்ன புத்திமதியையும் மட்டும் விட்டுவிடுகிறார். கேட்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றலாமா என்று வருகிறது.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நான் இன்னும் போகிறேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம் பயப்படாதீர்கள் என்று வாசித்துக் காட்டுகிறேன். அந்த வார்த்தையை நம்பாமல் வாசிப்பதில்லை. நம்புகிறேன், அதனால்தான் குத்துகிறது. கர்த்தரிடம் முழங்கால் போட்டு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அது சுலபமாகத்தான் இருந்தது. அவர் வேலை முடிந்து ராத்திரி வந்து என் எதிரில் உட்கார்ந்து சோறு தின்பதில்லை. அவள் தின்கிறாள். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.