மெழுகின் கதை சொன்ன வைதேகி

வைதேகியின் கணவர் பார்த்தசாரதி போன் செய்தபோது மன்னார்புரத்தில் அப்போதுதான் பஸ் ஏறியிருந்தேன். "ரெஜினா, வைதேகி பரமபதிச்சுட்டா. கார்த்தால எழுப்பப் போனேன். எழுந்துக்கலை" என்றார். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். அதைக்கூடச் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நம் பள்ளியில் அவளிடம் வேதியியல் படித்தவர்களுக்காகவும் உடன் வேலை பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். என் டிபன் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டவளுக்கு அந்த 'ர்' வரமாட்டேன் என்கிறது.

மெழுகுவர்த்தியின் மேல் அவளுக்கு ஈடுபாடு வரக் காரணம் அவள் மாமியார். ஸ்ரீரங்கத்து வீட்டில் கரண்ட் போனாலும் மெழுகுவர்த்தி பெருமாள் அறைப் பக்கம் போகக் கூடாது. அதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாம். வைதேகி தேடித் தேடிப் படித்தாள். "அம்மா, அதெல்லாம் அந்தக் காலம். இப்போ விக்கறது பாரஃபின். கச்சா எண்ணெய்லேர்ந்து எடுக்கறா. மாடும் இல்லை, ஆடும் இல்லை" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். மாமியார் யோசித்துவிட்டு, "பஸ்ஸுக்கு ஊத்தறதைப் பெருமாளுக்கு ஏத்தச் சொல்றியா?" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூம் அதிரச் சிரித்தாள்.

சரித்திர ஆசிரியையான என்னையும் இழுத்துக்கொண்டாள். பாலக்கரையில் என் வீட்டில் மெழுகுவர்த்தி இல்லாத நாள் கிடையாது. அது எதனால் ஆனது என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியின் கதையைச் சொல்ல, சனிக்கிழமைகளில் பள்ளி பள்ளியாகப் போனோம். ஏழைகள் வீட்டில் மிருகக் கொழுப்பு புகைந்து நாறியதையும், தேவாலயத்திலும் பணக்காரர் வீட்டிலும் தேன்மெழுகு எரிந்ததையும் நான் சொல்வேன். திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகைப் பற்றிச் சொல்லும்போது அவள் குறுக்கிடுவாள். "வெளிச்சத்துக்காக மனுஷா எதையெல்லாம் கொன்னிருக்கா பாருங்கோ!" பிறகு அவள் முறை. கொழுப்பிலிருந்து கெட்டியான அமிலத்தை மட்டும் பிரித்ததும் நாற்றம் போன கதை. அப்புறம் திரி. முன்பெல்லாம் கருகிய திரியை யாராவது கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நூலைப் பின்னித் திரியாக்கிய பிறகு, அது தானே வளைந்து சுடரின் ஓரத்தில் எரிந்து தீர்ந்தது. "மெழுகைப் பத்தியே எல்லாரும் பேசறா. நூலைப் பின்னினவாளை யாருமே நினைக்கறதில்லை" என்பாள்.

ஒரு வகுப்பில், உருக்கிய மெழுகை அச்சில் ஊற்றும்போது கிண்ணம் கைநழுவியது. "கை வழுக்கிடுத்து" என்றாள். அடுத்த வாரமும் நழுவியது. நரம்பு நோய் என்றார்கள். டாக்டர் நல்லவர். நேராக உட்கார்ந்து, "குணப்படுத்த மருந்து இல்லம்மா" என்றார். பார்த்தசாரதி மூன்று ஊர்களுக்கு அழைத்துப் போனார். எல்லா ஊரிலும் அதே பதில்.

திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்குப் போவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தாள். அதற்குள் நாக்கும் குழறத் தொடங்கியிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? டீச்சர் அதட்டியதும் கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. என் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினாள். அவள் பகுதியை நானே சொல்லி முடித்தேன். ஆட்டோவில் அவள் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள். பார்த்தசாரதி காபி போட உள்ளே போனார். வைதேகி என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். புரியவில்லை.

"தண்ணியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"ஃபேனைக் குறைக்கணுமா? சாரைக் கூப்பிடவா?"

இல்லை. மறுபடி அதே சொல். நீளமாக, மூக்கில் முடிகிற ஒலி. சரியான எழுத்தைத் தொட்டால் அவள் கண் சிமிட்டுவதற்காக வைத்திருந்த எழுத்து அட்டையைக் காட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டேன். கண் சிமிட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "புரியல வைதேகி, மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

காவிரிக் கரையில் எல்லாம் முடிந்து, ஈர வேட்டியோடு வந்த பார்த்தசாரதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லிண்டிருந்தாளே. உள்ளேர்ந்து கேட்டுது. என்ன சொன்னா?"

"தெரியல சார்."

அவர் தலையாட்டினார். எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார்.

அவள் பாடம் அவளிடம் படித்தவர்களிடம் இருக்கிறது. எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல். பாத்திரம் கழுவும்போதும், ஜபமாலை சொல்லி முடித்த பிறகும், அந்த ஒலியை அவளைப் போலவே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் அது எந்த வார்த்தையாகவும் ஆகவில்லை.