ஒரிஜினல் என்று நான் சொன்ன வாட்ச்

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் எனக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருந்தது. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கண்ணில் மாட்டுகிற லென்ஸ், அவ்வளவுதான். எழுபதுகளின் பாதியில் கடையநல்லூர் ஆட்கள் அரபு நாடுகளுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு எனக்குப் புது வேலை ஒன்று சேர்ந்தது. கொண்டுவந்த ஃபாரின் வாட்ச் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்லும் வேலை. அதற்குக் கூலி கிடையாது. ஆனால் அதில் ஒரு பவுசு இருந்தது, இல்லை என்றால் பொய்.

முதலில் வந்த டூப்ளிகேட்டுகள் சிரிப்பாய்ச் சிரிக்கும். முகப்பில் பெரிய சுவிஸ் கம்பெனியின் பேர் இருக்கும், அதில் ஒரு எழுத்து கோணிக்கொண்டு நிற்கும். சக்கர முனை தேயாமல் தாங்குகிற கல் பதினேழு என்று போட்டிருப்பான், திறந்தால் ஒரு கல்லும் இராது. தங்க முலாம் ஒரு கோடை வேர்வைக்குத் தாங்காது, மணிக்கட்டில் பச்சை வளையம் விழுந்துவிடும்.

நம்ம ஆட்களுக்கும் சோதிக்கிற வழி ஒன்று இருந்தது. பட்டப்பகலில் போர்வைக்குள் தலையை நுழைத்து, முள் பச்சையாய் மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். மின்னினால் ஒரிஜினலாம். இந்தச் சேதி டூப்ளிகேட் செய்கிறவன் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது போல, பிறகு வந்ததெல்லாம் ஒரே மின்மினிக் கூட்டம். சரி, இனி கனம் பார்ப்போம் என்றார்கள். அவன் உள்ளே இரும்பு வளையம் வைத்து அனுப்பினான். எண்பதுகளில் நல்ல மெஷினையே வைத்துவிட்டான். பேர்தான் பொய், ஓட்டம் மெய். அப்போதும் நான் விடமாட்டேன். பின்மூடியைக் கழற்றி ஒரு பார்வை, "டூப்ளிகேட்டு வே" என்று ஒரு சொல். வந்தவன் முகம் சுண்டிப் போவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடவேண்டும். அந்தக் காலத்தில் வாட்ச் ஃபாரின் வாட்சாக இருக்கவேண்டும் என்று கேட்டே வாங்கினார்கள். கரிவலம்வந்தநல்லூர் விவசாயி ஒருவர் தன் மகளுக்குத் தென்காசிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார். பெண்ணின் அண்ணன் சவுதியில் கட்டட வேலை. அவன்தான் வாட்சை வாங்கி, ஊருக்கு வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். தகப்பனார் அதை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு மாசம் யாரையும் தொடவிடவில்லை.

அது ஆட்டோமேட்டிக் வாட்ச். கையில் கட்டி, கை ஆடினால்தான் ஓடும். பூட்டி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். இது அந்த மனுஷருக்குத் தெரியாது. நிச்சயதார்த்தம் என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மண்டபத்தில். தட்டில் வாட்சை வைத்தபோது முள் அசையவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், "இது டூப்ளிகேட்டுல்லா" என்று சபையில் சொல்லிவிட்டார். தட்டு மாற்றாமல் இரண்டு பக்கத்து ஆம்பளைகளும் எழுந்து என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னாச் சரி. ஒரிஜினல்னா தட்டு மாத்துதோம். இல்லேன்னா இப்படியே பஸ் ஏறிருதோம்" என்றார் தாய்மாமன்.

பெண்ணின் தகப்பனார் துண்டால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "எம் மவன் வெயில்ல நின்னு சம்பாதிச்சு வாங்கினது" என்று மட்டும் சொன்னார்.

திறந்து பார்த்தேன். நல்ல மெஷின், முகப்பில் போட்ட பேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூடியை மாட்டி நாலு ஆட்டு ஆட்டினேன். ஓட ஆரம்பித்தது. "ஆட்டோமேட்டிக் இது. பூட்டி வச்சா நிக்கத்தான் செய்யும்" என்றேன். அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஓடுததக் கேக்கல, அண்ணாச்சி. ஒரிஜினலா?"

தகப்பனார் முகத்தைப் பார்த்தேன். "ஒரிஜினல்" என்றேன்.

அத்தனை வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. தகப்பனார் நடுத்தெருவில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒரு குடும்பத்தை வாழவைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஒன்றரை வருஷம் கழிந்திருக்கும். அலாரம் அடிக்காத ஒரு டைம்பீஸோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. கரிவலத்தில் இன்னார் மகள் என்று அவளே சொன்னாள்.

"எப்பம்மா வந்தே?"

"நாலு மாசமாச்சு. இனி போகப் போறதில்ல."

நான் கேட்காமலே சொன்னாள். கல்யாணம் ஆனதும் ஸ்கூட்டர் கேட்டார்களாம், பிறகு டீவி. அப்பாவால் முடியவில்லை. அடி வேறு. எனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அப்பாவுக்காகத்தாம்மா அன்னிக்கு..." என்று இழுத்தேன்.

"அது டூப்ளிகேட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும். அண்ணன் எனக்கு மட்டும் லெட்டர்ல எழுதியிருந்தான். ஒரு வாட்சுக்காவ சபையில எந்திரிச்சுப் போறவுக வீட்டுக்கு நாம எதுக்குப் போவணும்னு, நீங்க உள்ளதச் சொல்லிரணும்னு மண்டபத்துல இருந்து கோயில் கோமதி அம்மனக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்."

டைம்பீஸைப் பெட்டி மேல் வைத்தாள்.

"எல்லாருக்கும் பட்டுன்னு சொல்லுவீகளாமே. எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இப்படிச் சொன்னீக?"

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.