முதுகு காட்டி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவின் பள்ளமான கோடியில், பாதி கட்டி நிறுத்திய ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகத்தான் அது நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வலது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முறைப்பார்கள். நிற்கும்போது கால் சும்மா இருந்தால் வாய் ஆடும். எதிரில் இருப்பவர் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் போதும், அந்த இடத்தை நான் நிரப்பிவிடுவேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். அப்பாவுக்கு லாரியில் லோடு ஏற்றும் வேலை. அம்மா ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறார். நான் டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றாம் வருடம் லைன் லீடர் ஆனேன். காலை ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் இருபது பேரை நிற்க வைத்துக் கூட்டம் நடத்த வேண்டும். நான் பேசுவேன், அவர்கள் என் ஷூவைப் பார்ப்பார்கள். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டு, மூச்சு விடுவதற்குள் “சரி, வேலையப் பார்க்கலாம்” என்று முடித்துவிடுவேன்.

குவாலிட்டி பிரிவில் இருந்த ஒரு அக்கா ஒருநாள் சொன்னார்: “தம்பி, நீங்க கேள்வி கேக்குறீங்க. பதிலுக்கு நிக்கறதே இல்ல.” அவர்தான் என்னைச் சேக்காட்டுக்கு அழைத்துப் போனார்.

சேக்காட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர்கள், எஸ்டேட்டில் யூனியன் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், பூந்தமல்லியில் பதினைந்து பெண்களை வைத்துத் தையல் யூனிட் நடத்தும், நாங்கள் ‘ஆப்பா’ என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அக்கா. குரு என்று யாரும் கிடையாது. ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதை ஒருவர் மாற்றி ஒருவர் நடத்திப் பார்த்தே பழகுவோம். வட்டமாக உட்கார வைத்து எல்லோரையும் ஒருமுறையாவது பேச வைப்பது, பேச்சை நிறுத்தாதவரைப் புண்படுத்தாமல் நிறுத்துவது, வழிமாறி வருகிற விஷயத்தைச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதி வைத்துப் பிறகு எடுப்பது. அப்புறம், எனக்கு எமனாக வந்த ஒன்று: கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பதினைந்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. நான் ஐந்தைத் தாண்டியதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு நடத்தியவர் கடைசியில் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவர் அங்கே இல்லாததுபோல மற்றவர்கள் பத்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் பதில் சொல்லவும் கூடாது, திரும்பவும் கூடாது.

என் முதல் முறை. “நல்ல பையன்தான். ஆனா நாம எங்க பேசிடுவோமோன்னு பயப்படுறான்” என்றார் யூனியன் அண்ணன். “அந்தக் கால் ஆடறதப் பாத்தா எனக்கே பஸ்ஸு போயிடுமோன்னு கீது” என்றார் ஆப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லப் பாதி எழுந்துவிட்டேன். “உக்காருங்க தம்பி, நீங்க இங்க இல்ல” என்றார் நர்ஸ்.

அங்கே கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் துண்டுச் சீட்டு. ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக எழுதச் சொல்லிப் பிறகு வாங்கிப் படிப்போம். கூச்சப்படுகிறவர்களும் மனதில் இருப்பதைச் சொல்ல அது உதவும் என்பார்கள். எனக்குப் பிடித்த காரணம் வேறு. அந்த ஐந்து நிமிடமும் நான் நடந்துகொண்டே இருக்கலாம். மற்றவர்களின் மௌனத்தைத் தாங்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் சீட்டு என்றாலே நான்தான் என்று ஆகிவிட்டது.

இப்போது தெருவுக்கு வருகிறேன். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருக்கோடியில் எட்டு வீடுகளுக்குள் தண்ணீர் வரும். அந்த வருடம்தான் மழைநீர்க் கால்வாய் போட அனுமதி வந்தது. அளவெடுக்க வந்த இன்ஜினியர், தெரு குறுகல் என்பதால் ஒரு பக்கம்தான் போட முடியும் என்றார். வலது பக்கம் மூன்று மின்கம்பங்கள் இருந்ததால் இடது பக்கம் சுலபம், ஆனால் எந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கத்து வாசற்படிகளை உடைக்க வேண்டும். “எல்லாரும் பேசி ஒரே முடிவா, கையெழுத்துப் போட்டு செவ்வாய்க்கிழமைக்குள்ள லெட்டர் குடுங்க. இல்லன்னா மழைக்கு முன்னாடி அடுத்த தெருவ எடுத்துடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே குழாயடியில் சண்டை தொடங்கியது. இடது பக்கத்துக்காரர்கள் வலது பக்கம் போடு என்றார்கள், வலது பக்கத்துக்காரர்கள் இடது பக்கம் போடு என்றார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டம் நடத்துகிறேன் என்று சொன்னேன். அம்மா அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். “எம் புள்ள அதுக்குன்னே தனியா படிக்கிறான்.”

வாடகைக்கு முப்பது சேர் எடுத்து வட்டமாகப் போட்டேன். ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இடது பக்கத்தார் ஒரு அரை வட்டம், வலது பக்கத்தார் ஒரு அரை வட்டம். யாரும் பேசவில்லை. என் கால் ஆடத் தொடங்கியது. மூன்று எண்ணினேன், நான்கு எண்ணினேன், பையைத் திறந்து சீட்டுகளையும் பேனாக்களையும் எடுத்துவிட்டேன்.

“பேர் எழுத வேண்டாம். எந்தப் பக்கம், ஏன். ரெண்டு வரி போதும்.”

ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றினேன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் கவனிக்கவில்லை. கண்ணாடியே போடாத ஒருவர் சட்டைப் பையில் கண்ணாடி தேடினார். ஆட்டோ ஓட்டும் அண்ணன் பேனாவால் காது குடைந்தார். இடது பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் மூன்று நான்கு பெண்கள் குனிந்து ஏதோ சொல்ல, அவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். அம்மா சீட்டைத் தொடை மேல் வைத்து, முகம் தாளில் முட்டுகிற அளவு குனிந்திருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது நினைவிலேயே வரவில்லை.

ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடித்து அதில் சீட்டுகளை வாங்கி உரக்கப் படித்தேன். “வலது பக்கம்தான் சரி. படி உடைஞ்சா கஷ்டம்.” அடுத்ததும் அதே வரி. அடுத்தது வெறும் தாள். அதற்கடுத்ததும் வெறும் தாள். அப்புறம் மறுபடியும், “வலது பக்கம்தான் சரி. படி உடைஞ்சா கஷ்டம்.” அதே கையெழுத்து.

தெருக்கோடி வீட்டு அக்கா எழுந்துவிட்டார். “யோவ் கடைக்காரரே, அது என் சீட்டா? நான் இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதிக்கீற?”

“யக்கா, நீ சொன்னதத்தான் சுருக்கமா எழுதினேன்.”

“சுருக்கமாவா? என் ஊட்டுக்குள்ள தண்ணி வராம எந்தப் பக்கம்னாலும் போடுன்னு சொன்னேன். அத சுருக்குனா வலது பக்கமா?”

அவ்வளவுதான். இரண்டு அரை வட்டமும் எழுந்து நின்றன. எழுதத் தெரிந்தவர்கள் சேர்ந்து ஏமாற்றிவிட்டதாக ஒருவர் கத்தினார். ஆட்டோ அண்ணன் பேனாவைச் சேர் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னா மாமே, எங்களுக்குப் பரீட்ச வெக்கிறியா? கூட்டம்னு இட்டாந்து பேனாவக் குடுத்து அசிங்கப்படுத்தறியா?” சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை, லெட்டர், கால்வாய் எல்லாம் அவர்களோடு நடந்து போவதுபோல் இருந்தது.

நான் “ஒரு நிமிஷம்ணே” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கை தன்பாட்டுக்கு அடுத்த சீட்டைப் பிரித்தது.

அதில் நான்கு எழுத்து. அம்மாவின் பெயர்.

நான் எட்டாவது படிக்கும்போது, பேங்கில் கணக்குத் தொடங்குவதற்காக அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகள். முதல் எழுத்து பெரிதாக, போகப் போகச் சிறிதாகி, கடைசி எழுத்து கீழே இறங்கி. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். பிள்ளை வெறும் தாளைப் பிரிக்கக் கூடாது என்று அதை எழுதியிருக்கிறார்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்க்க முடியவில்லை. நான் செய்தது இதுதான்: என் சேரைத் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாடா, கோச்சிகினியா?” என்றது ஒரு குரல்.

அம்மா சொன்னார்: “கோச்சிக்கல. அவுங்க கிளாசுல அப்பிடித்தான். முதுவக் காட்டிகினு குந்துவான். நாம இன்னா வோணா பேசலாம். அவன் திரும்பவும் கூடாது, வாயத் தொறக்கவும் கூடாது.” எப்போதோ வீட்டில் நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதை நினைவில் வைத்திருந்தார்.

“இன்னா வோணாவா?” ஆட்டோ அண்ணனின் குரல். அவர் இன்னும் போகவில்லை.

“இன்னா வோணா.”

“அப்ப சொல்றேன். சீட்டு குடுத்தானே, எழுத வருமான்னு ஒரு வார்த்த கேட்டானா? இந்தத் தெருவுலதானே பொறந்தான்?”

“காலைல வண்டிய எடுத்தா முக்கு திரும்பற வரைக்கும் ஹார்னுதான். நாங்க இன்னா ரோட்லயா படுத்துனுகீறோம்?”

“பேச உட மாட்டான்பா. நல்ல புள்ள, ஆனா பேச உட மாட்டான்.”

சிரித்தார்கள். என் கால் நாற்காலியையே ஆட்டியது. திரும்பிப் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிரே சுவரில், முழங்கால் உயரத்தில், போன மழையின் தண்ணீர் நின்ற கறை ஒரு பழுப்புக் கோடாக ஓடியது. அதையே பார்த்து எண்ணத் தொடங்கினேன். பத்து. பன்னிரண்டு. பதினைந்து. அதற்குமேல் எண்ணவில்லை. சிரிப்பும் அடங்கி, பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதிக்குள் போட என்னிடம் சீட்டும் இல்லை, சொல்லும் இல்லை.

அப்போது, யாருடையது என்று எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. இடது பக்கம் நான்காவது வீட்டு அக்கா என்று பிறகுதான் தெரிந்தது. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் வருபவர். தெருவில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“எனக்குப் படி ஒடையறது இல்ல பிரச்சன. எங்க ஊட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ். தோண்டிப்புட்டு சிலாப்பு போடாம உட்டாங்கன்னா ஆட்டோ வாசலுக்கு வராது. அந்த மனுசன நான் எப்பிடித் தூக்கிகினு போவேன்?”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?” என்றார் ஆட்டோ அண்ணன்.

“யாரு கேட்டீங்க?”

வலது பக்கத்திலிருந்து யாரோ, இடது பக்கம் தோண்டினாலும் அந்த வீட்டு வாசலில் முதலில் கால்வாயை மூடும் சிலாப்பு போட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டைத் தோண்ட வேண்டும் என்று லெட்டரிலேயே எழுதிவிடலாம் என்றார். தோண்டிக் கிடக்கும் நாளில் அவரைச் சேரில் வைத்து முக்குவரை தூக்கி வருவது தன் பொறுப்பு என்றார் ஆட்டோ அண்ணன். தெருக்கோடி அக்கா தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவுகளைச் சொன்னார். கடைக்காரர் மட்டும் கடைசிவரை முனகினார்: “அப்ப என் கடைக்கு வர்றவங்க தாண்டிக் குதிச்சா வருவாங்க?”

“படிய நீ சுருக்கமா கட்டிக்கோ” என்றார் தெருக்கோடி அக்கா. கடைக்காரரே சிரித்துவிட்டார்.

இவ்வளவும் நடந்தபோது நான் திரும்பவே இல்லை. அம்மாதான் கூப்பிட்டார். “நைனா, திரும்பு. லெட்டர எழுது. நாங்க சொல்லச் சொல்ல எழுது. சுருக்காத.”

எழுதினேன். மூன்று முறை படித்துக் காட்டினேன். கையெழுத்தும் கைநாட்டுமாக இடது பக்கத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அம்மா அதே நான்கு எழுத்தைப் போட்டார்.

கால்வாய் வந்தது. நான்காவது வீட்டுக்குச் சிலாப்பு ஒரு நாள் தாமதமானது. அன்று ஆட்டோ அண்ணனும் நானும் அந்த அக்காவின் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் சேரோடு தூக்கிப் போனோம். அந்த மழைக்குத் தண்ணீர் தெருக்கோடி வீடுகளின் படிவரை ஏறி, அதோடு நின்றது.

அடுத்த முறை சேக்காட்டில் இதைச் சொன்னபோது, நாற்காலியைத் திருப்பியது ஏதோ நான் யோசித்துச் செய்த உத்தி என்பதுபோலச் சொல்லிவிட்டேன். பாராட்டினார்கள். கால் பயங்கரமாக ஆடியது. தாங்காமல், “இல்லீங்க, நான் உத்தியெல்லாம் பண்ணல. மூஞ்சக் காட்ட முடியாம ஒளிஞ்சேன்” என்று முழுவதும் சொன்னேன். ஆப்பா, “என் யூனிட்டுல அஞ்சு பேருக்கு எழுத வராது. ஒரு வருஷமா சீட்டு குடுத்துகினு கீறேன்” என்றார்.

என் கால் இன்றும் ஆடுகிறது. கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் அம்மாவின் அந்த மஞ்சள் சீட்டு இருக்கிறது. காலைக் கூட்டத்தில் கேள்வி கேட்டுவிட்டு இப்போது நான் பதினைந்து எண்ணுவதில்லை. அந்த நான்கு எழுத்தையும், அம்மா எழுதும் வேகத்தில், ஒவ்வொன்றாக மனதுக்குள் எழுதுகிறேன். கடைசி எழுத்து கீழே இறங்கி முடிவதற்குள், அதுவரை என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்த யாராவது ஒருவர் நிமிர்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார்.