சட்னி ஊசிப்போன காலை

ஏழே காலுக்குத்தான் நான் சாப்பிட உட்காருவேன். முப்பத்திரண்டு இட்லிப் பொட்டலமும் வேனில் ஏறிப் போயிருக்கும், அடுப்படியைக் கழுவி முடித்திருப்பேன். அன்றைக்கு மிச்சமிருந்த இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டு சட்னிக் கரண்டியைத் தூக்கினேன். நூல் விட்டது. மோந்து பார்த்தால் குப்பென்று அடிக்கிறது வாடை. அட கிரகமே, ஊசிப்போன சட்னியையா கட்டிக் கொடுத்தேன் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அந்த முப்பத்திரண்டு பேரும் சிவகாசிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள். ஆறு மணிக்கு எங்கள் தெருமுனையில் வேன் நிற்கும். சீசன் நேரத்தில் அவர்களுக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூட நேரம் இருக்காது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு நாலு இட்லி கட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்தது, பன்னிரண்டு பேராகி, ஆறே மாதத்தில் முப்பத்திரண்டில் வந்து நின்றது. எங்கள் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். அதற்குள் நின்று இத்தனை பேருக்குப் பசியாற்றுகிறேன் என்ற திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆள் கூடக்கூட விடியற்காலையில் தேங்காய் துருவ நேரம் பற்றவில்லை. முந்தின நாள் சாயங்காலமே துருவி ஃப்ரிட்ஜில் வைக்க ஆரம்பித்தேன். அதுவோ என் கல்யாணத்துக்கு வந்த பழைய ஃப்ரிட்ஜ். அன்று இரவெல்லாம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. காலையில் அரக்கப்பரக்க அரைத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினேன். தாளிப்பு வாசனையில் மற்றது தெரியவில்லை. ருசி பார்த்தாயா என்று கேட்டால், பார்க்கவில்லை. என் கைப்பக்குவத்தை நானே ருசி பார்க்க வேண்டுமா என்ற நினைப்பு.

கம்பெனியில் காலைச் சாப்பாடு எட்டரைக்கு. ஒவ்வொருத்திக்காக போன் போட்டேன். எல்லாமே அணைத்திருந்தது. அணைக்காமல் என்ன செய்வார்கள்? கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேன் டிரைவர் எடுக்கவே இல்லை.

வீட்டில் இருப்பவளுக்கு வயிற்றைக் கலக்கினால் படுத்து எழுந்துகொள்வாள். வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தலை சுற்றி, கை தடுமாறினால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து, "ஏய், நைட்டியோடயா கெளம்பிட்ட?" என்றார்.

"ஆமா, அங்கன என்னைய பொண்ணு பாக்கவா வாராக?" என்று கத்திவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. இந்தப் பக்கம் பத்து லாரி, அந்தப் பக்கம் பத்து லாரி. கேட்காரரை, ரயிலை, ஃப்ரிட்ஜை, கரண்ட் ஆபீஸை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைத் திட்ட மட்டும் தோன்றவில்லை.

கம்பெனி கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, நான் உள்ள போகணும். அவசரம்."

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? நைலான் துணியோட வந்து நிக்கிறீக. பருத்தி உடுத்தாம ஒரு ஆளு இந்தக் கோட்டத் தாண்ட முடியாது, தெரியும்ல?"

தெரியும். இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? துணி உரசினாலே பொறி வரும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அவசரத்தில் எனக்குத்தான் உறைக்கவில்லை.

"அப்ப நீங்க போய் எங்க தெருப் பொம்பளைகள வரச் சொல்லுங்கண்ணே."

"என்ன விசயம்னு சொல்லணும்ல? சூப்பர்வைசரு கேப்பாரு."

அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவும், நாளைக்கு ஒரு ஈ காக்கை என்னிடம் இட்லி வாங்காது. ஆனால் பொய்யைச் சொன்னால் ஒரே ஒருத்தி மட்டும்தான் வெளியே வருவாள். மற்றவர்கள் சாப்பிடுவார்களே!

"நான் குடுத்த சட்னி ஊசிப்போச்சுண்ணே. ஒருத்தரும் தொடக் கூடாது. அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் உடனே உள்ளே போனார். மெதுவாக நடந்து போனார்.

"ஓடுங்கண்ணே!"

"உள்ள யாரும் ஓடப்பிடாதும்மா" என்று திரும்பாமலே சொன்னார்.

பெண்கள் சாப்பிட உட்காரும் வேப்பமரத்தடிக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. துண்டை வாயில் கவ்விக்கொண்டு கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சாமியைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தது என் பக்கத்து வீட்டுப் பெண்.

"சட்னியத் தொட்டீகளாடி?"

"இல்லக்கா. பயப்படாதீக. யாருமே தொடல."

"வாட்ச்மேன் அண்ணன் அதுக்குள்ள சொல்லிட்டாரா?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "அவரு சொல்றதுக்கு முன்னாடியே கொட்டிட்டோம்க்கா. தெனமும் பிரிச்ச ஒடனே கொட்டிருவோம். பத்துப் பதினஞ்சு நாளாவே இங்க வந்து பிரிக்கையில புளிப்பு வாடை. வீட்டுலருந்து பொடி கொண்டாந்து தொட்டுக்கிடுறோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உப்பு கூடன்னு சொன்னவளுக்கு மறுநாளு பொட்டலம் இல்லன்னுட்டீகளேக்கா. காலையில அஞ்சே முக்காலுக்கு எங்களுக்கு வேற யாரு குடுப்பாக?"

உப்பு கூட என்று சொன்ன அந்தப் பெண்ணை நான் மறந்தே போயிருந்தேன். கடைசியாக வந்து தள்ளி நின்றிருந்தாள், சின்ன வயதுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பிளந்துகொண்டு போகலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம். விஷத்தைக் கொடுத்தாலும் என் கோபத்துக்குப் பயந்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கா நான் நடந்திருக்கிறேன்?

மறுநாள் அப்போதே உடைத்துத் துருவிய தேங்காயில் சட்னி அரைத்தேன். மூன்று தடவை ருசி பார்த்தேன். வேன் வந்ததும் பெண்கள் வழக்கம்போல வாங்கினார்கள். ஆனால் என் முகத்துக்கு நேரே பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். சுருக்கென்றது. அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

முப்பத்து மூன்றாவதாக ஒன்று கட்டி வைத்திருந்தேன். அந்தச் சின்னவள் ஏற வந்தபோது நீட்டினேன்.

"உப்பு சரியா இருக்கா பாரு தாயி."

"வேண்டாம்க்கா" என்று தன் டப்பாவைக் காட்டினாள். "நானே ஆக்கிக்கிடுறேன்." கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

வேன் போன பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, அங்கேயே நின்றபடி நான் சாப்பிட்டேன். சட்னி நன்றாகத்தான் இருந்தது.