மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?

டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இனிமையான குரல் வேண்டும் என்பார்கள். அதெல்லாம் சும்மா, நாள் முழுக்க வசவு வாங்கினாலும் புளித்துப் போகாத காது இருந்தால் போதும்.

காலையில் வெளியூருக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, குளிக்கப் போனால் மணி அடித்துவிடுமோ என்று தோளில் துண்டோடு சாயங்காலம் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தாலே, "லைன் என்னாச்சு?" என்றுதானே பாய்ந்தீர்கள்?

அறுபதுகளின் நடுவில் திருவள்ளூரில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றினார்கள். சேர்ந்த அன்று எங்கள் சூப்பர்வைசர் சொன்ன முதல் விதி, சந்தாதாரர் பேசுவதை ஆபரேட்டர் கேட்கக் கூடாது. இரண்டாவது விதி, மூணு நிமிஷத்துக்கு ஒரு கட்டணம் என்பதால் அவர்கள் பேசி முடித்துவிட்டார்களா என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே காதை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று கேட்டேன். "அதிகப்பிரசங்கி" என்று குறித்துக்கொண்டார்.

கடிகாரம் உள்ள வீட்டில் மணி கேட்டவர்

திருவள்ளூர் போர்டில் வீட்டுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். அங்கே போனின் பிடியைச் சுற்றினால் இங்கே மூடி டக்கென்று விழும். தினமும் பதினோரு மணிக்கு ஒரு மூடி தவறாமல் விழும். ரிடையரான தாசில்தார் ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம், தனி ஆள். "மணி என்னம்மா?" என்பார். சொல்வேன். "அங்கே வெயில் எப்படி?" என்பார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே என்ன வெயிலோ அதேதான் இங்கேயும்.

ஒருநாள் போர்டில் ஏழெட்டு மூடி ஒன்றாக விழுந்து கிடக்கிறது, சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறார், அந்த நேரத்தில் இவர் மணி கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் டங் டங் என்று பதினொன்று அடிப்பது என் காதில் விழுந்தது. "உங்காத்துக் கடியாரமே சொல்றதே சார்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மெதுவாக ரிசீவரை வைத்தார். அடுத்த நாள் மூடி விழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினோரு மணி ஆனால் என் கண் தானாக அந்த மூடிக்குப் போகும். மணி கேட்கிற மனிதருக்கு மணியா வேண்டியிருந்தது?

நாலாம் நாள் சூப்பர்வைசர் காபிக்குப் போன சமயம் பார்த்து நானே அவர் வீட்டுக்கு மணி அடித்தேன். "சார், எங்க ஆபீஸ் கடியாரம் நின்னு போச்சு. மணி என்னன்னு சொல்றேளா?" என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பழைய தாசில்தார் குரலில் சொன்னார்: "பதினொண்ணு அஞ்சு. ஒரு கடியாரத்துக்குச் சாவி கொடுக்கக்கூட ஆள் இல்லாம என்ன ஆபீஸ் நடத்தறேள்?"

பெண் பார்க்க வந்த சந்தாதாரர்

என் அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வேலை. எனக்கு வரன் தேட ஆரம்பித்தபோது, ஒரு வக்கீல் தன் பிள்ளைக்கு என்னைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். கோர்ட்டுத் தெருவில் வீடு, வீட்டில் போன். நான் தலையைக் குனிந்துகொண்டு சொஜ்ஜித் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்கோ" என்றேன். வக்கீல் வாயில் போட்டதை விழுங்காமல் நிமிர்ந்தார். "அடடே, டிரங்க் எக்ஸ்சேஞ்சா!" என்றார்.

அந்த மனிதர் தினமும் மெட்ராஸ் லைனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் கட்சிக்காரன் ஏமாற்றியது, குமாஸ்தா லீவு போட்டது, ரசத்தில் உப்பில்லாதது எல்லாவற்றையும் கொட்டுவார். நான் "ம்... அப்புறம்?" என்பேன். அவ்வளவுதான் என் பங்கு. அன்றைக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது, பிள்ளைக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனாலும் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. காரணம், பக்கத்தில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதை மறந்து, கண் கலங்க அவர் எல்லோரிடமும் சொன்னது: "இத்தனை வருஷத்துல நான் பேசறதை முழுசாக் காதுல வாங்கின ஒரே பொம்மனாட்டி இவதான்!"

பம்பாயில் ஒரு தம்பி

கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஒருநாள் எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், போன் இல்லாதவர்கள் வந்து பேசும் எங்கள் ஆபீஸ் கவுண்டருக்கு வந்தாள். மடியில் ஒரு துணி முடிச்சு. "பம்பாய்க்கு போன் போடும்மா. நைனாவுக்கு ரொம்ப முடியல, தம்பிய வரச் சொல்லணும்" என்றாள். நம்பர் என்ன என்றேன். "அவன் பேரு சுப்புராயன்" என்றாள். நம்பர், நம்பர் என்று மூன்று தரம் கேட்டேன். "செவப்பா இருப்பான்" என்றாள். பம்பாயில் சிவப்பாக இருக்கிற சுப்புராயனை எல்லாம் கூப்பிட முடியாது என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் லைன்மேன் கோவிந்து என்னைவிட நாலு வயசு சின்னவன். கம்பத்தில் ஏறுவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் ஆர்வமாகச் செய்வான். வராந்தாவில் அழுதுகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். தம்பி சின்ன வயசில் ஓடிப்போனது, பட்டறை வேலை, அக்காவுக்குச் சேலை அனுப்பியது எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவன் போட்ட கடுதாசி துணி முடிச்சிலிருந்து வந்தது. பட்டறை பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கடுதாசி. முன்பக்கத்தில் பட்டறையின் டெலிபோன் நம்பர் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அர்ஜென்ட் கால் போட்டு, நாலு மணிக்கு அக்காவும் தம்பியும் பேசினார்கள். மூன்றாம் நாள் ஒரு சிவந்த ஆள் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் எளாவூர் பஸ்ஸுக்கு வழி கேட்டான். அவர்கள் அப்பா அவனைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாராம்.

அன்று கடுதாசியை என் மேஜையில் வைத்தபோது கோவிந்து சொன்னது இன்னும் உறைக்கிறது: "நீ நம்பரக் கேட்ட, நான் தம்பியக் கேட்டேன். காதுல மெஷின மாட்டிக்கினா மட்டும் ஆச்சா?"

சாப்டியா?

எளாவூர் செக்போஸ்டில் காகிதம் சரியில்லை என்று இரண்டு நாளாக லாரியோடு மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், அரக்கோணத்துக்குப் பேச வந்தார். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுச் சொல்லாமல் கிளம்பி வந்தவர். அவள் வீட்டுக்கு எதிரே சோடாக் கடையில் போன். என்னிடமே யோசனை கேட்டார். "பேஜாராப் பூட்ச்சும்மா. இன்னான்னு ஆரம்பிக்கிறது?" கல்யாணமாகாத நான், பெரிய அனுபவசாலி மாதிரி, "மொதல்ல சாப்டியான்னு கேளுங்க" என்றேன்.

லைன் கிடைத்தது. இவர் "அல்லோ" என்றார். அவள் "ம்" என்றாள். அதற்குப் பிறகு சோடா பாட்டில் உருளும் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. விதியாவது ஒன்றாவது என்று நடுவில் புகுந்து, "கேளுங்களேன் ஐயா!" என்றேன். அந்தப் பக்கம் சட்டென்று உயிர் வந்தது. "யாருய்யா அது கூட, பொம்பள கொரலு?"

பிறகென்ன, மொத்தம் ஒன்பது நிமிஷம். முதல் மூன்றில் மிச்சமிருந்ததெல்லாம் என் குரலைப் பற்றிச் சண்டை. அடுத்த மூன்றில் அவள் அழுதாள். கடைசி மூன்றில் அவர் அழுதார், நடுவே சாப்டியா என்றும் கேட்டுவிட்டார். சாப்பிடவில்லையாம், இரண்டு நாளாக. "இப்பவே போய்ச் சாப்டு, நான் லைன்லயே கீறேன்" என்றார். அதற்குமேல் இந்த ஊர் சூப்பர்வைசர் முறைக்கவே, நான் மெல்ல, "மூணு மூணா ஒன்பது நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?" என்றேன். இருவரும் ஒன்று சேர்ந்ததற்கு அத்தாட்சியாக அவள் என்மேல் பாய்ந்தாள், அவர் அதற்கு "அதானே!" என்று தாளம் போட்டார். அவள் கேட்டது: "புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கினு கீறோம், நடுவுல உனக்கு இன்னாம்மா வேல?"

திட்டாத மேனேஜர்

அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனிக்கு வடக்கத்தி மேனேஜர் ஒருவர். அரைகுறைத் தமிழ். ஆனால் திட்டுகிற தமிழ் மட்டும் சுத்தமாக வரும். ஒருநாள் அவர் கான்பூருக்கு லைட்னிங் கால் கேட்டார். அது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போகிற கால். நாகபுரிக்கு அப்பால் லைன் இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சு மட்டும் வந்தது, அதுவும் விட்டு விட்டு. "என்ன சார் ஆச்சு?" என்றேன். "மா..." என்றார். அவ்வளவுதான்.

மெட்ராஸ் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் நாகபுரிக்காரரிடம் சொன்னாள். அவர் போபால், அங்கிருந்து ஜான்சி என்று ஊர் சுற்றி எப்படியோ கான்பூரைப் பிடித்தார். கான்பூரில் எவரோ ஒருவர், அந்த வீட்டில் யாராவது எடுக்கிறவரை விடாமல் மணி அடித்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கிழட்டுத் தாய்க்குரல் மகனை "பேட்டா" என்றது. நான் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். மூணு நிமிஷம் ஆச்சு என்று அந்த வழி நெடுக ஒருத்தரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே மேனேஜர் மெட்ராஸ் கேட்டார். இரைச்சல். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். அவர் சொன்னது: "நேத்து கான்பூர் லைன் நல்லா இருந்துது. இன்னிக்கி மெட்ராஸ் லைன் ஏன் கழுதை மாதிரி கத்துது? நீ வேணும்னே பண்றே!"

ஏரிக்கரையிலிருந்து ஒரு கூடை

பழவேற்காடு ஏரியோரக் குப்பத்திலிருந்து கன்னியப்பன் என்று ஒருவர் வந்தார். அவர் படகில் போயிருந்த சமயம் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டு, சிக்கலாகி, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கரையேறியவருக்கு, உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. ஏற்கெனவே இரண்டு பிள்ளை தங்கவில்லை. பூத்துக்குள் போகப் பயந்து, என் மேஜைக்குப் பக்கத்திலேயே ஈர வேட்டியோடு நின்றார்.

ஆஸ்பத்திரியில் யார் எடுத்தாலும், "இங்க ஆயிரம் பேர் இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நாலு தரம். ஐந்தாம் தரம் ஒரு ஆயாம்மா எடுத்தாள். லைனில் அவள் பேசுவது எனக்கு மட்டும் கொஞ்சம் கேட்டது. அதனால் அவள் கேட்பதை இவருக்கும், இவர் சொல்வதை அவளுக்கும் நான் கத்த வேண்டியதாயிற்று. பேர் என்ன, எந்த ஊர், மூக்குத்தி ஒரு பக்கமா ரெண்டு பக்கமா? "இரு, மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பதினைந்து நிமிஷம். மெட்ராஸ் ஆபரேட்டர் வந்து வந்து, "முடிஞ்சுதா?" என்பாள். "பேசிண்டிருக்கா, பேசிண்டிருக்கா" என்று கூசாமல் பொய் சொன்னேன். கன்னியப்பன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆயா மூச்சிரைக்க வந்தாள். "கீறா. பொம்பளப் புள்ள. ரெண்டும் சொகம், கஞ்சி குடிச்சா." சொன்னேன். அவர், "என்னிய கேட்டாளான்னு கேளும்மா" என்றார். கேட்டேன். ஈர வலையை வீட்டுக்குள் போட்டு நாற அடிக்காதே என்று சொல்லியனுப்பினாளாம். அதைக் கேட்டதும்தான் அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

பத்து நாள் கழித்து ஒரு ஓலைக்கூடையோடு வந்து என் மேஜையில் வைத்தார். கூடை தானாக நகர்ந்தது. உள்ளே உயிரோடு நண்டு. ஒன்று வெளியே வந்து போர்டை நோக்கி நடக்க, சூப்பர்வைசர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். எங்கள் வீட்டில் வெங்காயமே பின்வாசல் வழியாகத்தான் வரும். "நாங்க சாப்பிடமாட்டோமே, அதுவும் அன்னிக்கு ஓடினது அந்த ஆயாம்மாதானே" என்றேன். கன்னியப்பன் கூடையையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்ப ஒண்ணு பண்ணு, இத்த அப்டியே லைன்ல அந்தம்மாவுக்கு அனுப்பிடு."

முன்பின் தெரியாதவர்கள் சொன்னதையெல்லாம் இத்தனை வருஷம் பொறுமையாகக் கேட்டதில் எனக்கு மிச்சம், இடது காதில் ஓயாத இரைச்சலும், பிற்பாடு எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் அந்தக் காதை அவர் பக்கம் திருப்பிக்கொள்ளும் சௌகரியமும்தான்.