இரண்டு பூட்டு வைத்த கோழிக்கூடு

என் மகள் பிறந்து நாற்பது நாள் ஆனபோது ஊரிலிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. கையெழுத்து மனைவியுடையது, பேச்சு மாமனாருடையது. ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, மூன்றாவது வரியிலேயே நேராக விஷயத்துக்கு வந்திருந்தார். நீங்கள் தாராவியில் இருக்கும் அறையைப் பற்றி வந்தவர் போனவர் சொல்லக் கேட்டோம். தகரக் கூரை, தண்ணீருக்கு வரிசை. அதெல்லாம் போகட்டும். பிள்ளைக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை வேண்டுமென்றால் அங்கே கிடைக்குமா? கிடைக்காதென்றால், பிள்ளை நடக்கிறவரை தாயும் மகளும் இங்கேயே இருக்கட்டும்.

தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். முட்டையைக் கேட்பார் என்று நினைக்கவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் முப்பது கோழிக்குக் குறையாது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை வளர்கிறது என்றால் அது முட்டையால் வளர்கிறது என்று அர்த்தம்.

மகளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏழாம் மாதம் மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியவன், பெருநாள் ஆர்டர், கல்யாண சீசன் ஆர்டர் என்று லீவு கிடைக்காமல் இங்கேயே கிடந்தேன். முறைப்படி ஐந்தாம் மாதம் அவர்களே கொண்டுவந்து விடவேண்டும். நடக்கிறவரை என்றால் ஒரு வருஷம். ஒரு வருஷமெல்லாம் என்னால் முடியாது. ஆகவே கோழி வளர்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

எனக்கும் கோழிக்கும் இருந்த பழக்கம் கறிக்கடையோடு சரி. நான் பிறந்தது திருநெல்வேலியில் கடைத்தெருவுக்குப் பின்னால். பதினாலு வயதில் பம்பாய் வந்து சூட்கேஸ் செய்கிற கார்கானாவில் சேர்ந்தவன். ரெக்சின் ஒட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவேன். ரிவிட் அடிக்கச் சொன்னால் நேர்கோடு பிசகாது. ஒருவன் ஒரு தொழிலில் கெட்டிக்காரனாகிவிட்டால், உலகத்தில் மிச்சமிருக்கும் தொழிலெல்லாம் அதே தொழில்தான் என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது.

எந்த ஜாதிக் கோழி என்று கார்கானாவில் விசாரித்தேன். தாராவியில் கோழி வளர்க்காத ஆளே கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது. பாதிப் பேர் வாயாலேயே வளர்த்தவர்கள். முட்டைக்கடைக்காரர் வெள்ளைக் கோழியைச் சொன்னார், பண்ணையில் வளர்கிறது, தினம் ஒரு முட்டை, ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது. எங்கள் கட்டிங் மாஸ்டர் என் ஊர்க்காரர். அவர் வெள்ளைக் கோழியை ஒரே போடாகப் போட்டார். உன் மாமனார் கேட்டது நாட்டு முட்டை, நீ வெள்ளை முட்டையைக் காட்டினால் அவர் உன்னையும் முட்டையையும் ஒன்றாகப் பார்ப்பார் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இங்கே நாட்டுக் கோழிக்கு காவ்டி என்று பேர். முட்டை குறைவாக வைத்தாலும் எதைத் தின்றும் பிழைக்கும், தாராவிக்காரர்களைப் போல. காவ்டி என்று முடிவானது.

கோழிக்கு முன்னால் கூடு. பேக்கிங் பெட்டியின் பிளைவுட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்தபின் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். உள்ளே மெரூன் ரெக்சின் ஒட்டினேன். மூலைக்கு மூலை பித்தளைக் காப்பு. மேலே தூக்குவதற்குக் கைப்பிடி. முன்னால் இரண்டு பூட்டு, இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. காற்று வரவேண்டுமே என்று முப்பது துளை போட்டு, ஷூ நாடா கோர்க்கிற துளைக்கு அடிப்பது போல ஒவ்வொன்றுக்கும் வளையம் அடித்தேன். அப்படி ஒரு கூட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கட்டிங் மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எந்த ஊருக்குப்பா கோழி பயணம் போவுது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வடாலாவுக்குப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மராட்டி அம்மாள் கூடைகளில் இரண்டரை மாதக் குஞ்சுகளை வைத்து விற்பாள். பத்துப் பதினைந்து இருந்தன. நான் குனிந்து, கார்கானாவில் தோல் பொறுக்குவதுபோல் பொறுக்கினேன். நிறம் ஒரே சீராக இருக்கிறதா, மினுமினுப்பு இருக்கிறதா, கால் கெட்டியா, நிற்கிற நிலை எப்படி. மங்கலான மண் நிறத்தில் ஒதுங்கி நின்றவற்றை எல்லாம் செகண்ட் குவாலிட்டி என்று தள்ளிவிட்டேன். அந்த அம்மாள் இரண்டு தடவை அந்த மண் நிறக் குஞ்சுகளைக் கையில் எடுத்து நீட்டினாள். கழித்த சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பம்பாயில் இத்தனை வருஷம் இருந்தவனை ஏமாற்ற முடியுமா? இருப்பதிலேயே உயரமானவை, பளபளப்பானவை, தலைக்கொண்டை சிவந்தவை என்று மூன்றைப் பொறுக்கி வாங்கிவந்தேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். கூடு தயார், கோழி தயார், இன்னும் இரண்டரை மாதத்தில் முட்டை தயார் என்று எழுதிவிட்டு, பெருமை தாங்காமல் கோழிகளை வர்ணித்து மூன்று வரி சேர்த்தேன். நான் கவிஞனில்லை. ஆனால் நல்ல சரக்கைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும்.

மறுநாள் பகல் தகரக் கூரை காய்ந்தது. மூன்றும் கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு இறைத்தன. முப்பது துளையில் காற்று போனதோ இல்லையோ, ரெக்சினும் பசையும் சூடாகி வந்த வாடையில் நானே இரண்டடி தள்ளி நின்றேன். அவசரத்தில் ஒரு சாவியைக் காணோம். பூட்டை உடைத்து வெளியே விட்டேன். வெளியே வந்ததும் மூன்றும் பறந்து பக்கத்துக் கூரைமேல் ஏறிக்கொண்டன. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று சொல்வார்கள். நான் அன்றைக்குக் கூரை ஏறினேன். சந்துப் பிள்ளைகள் கைதட்டின. பிறகு கூட்டின் முன்பக்கத்தை அறுத்தெடுத்து கம்பிவலை அடித்தேன். ரெக்சினை நான் உரிக்கவேண்டி வரவில்லை, ஒரு வாரத்தில் கோழிகளே கொத்தி உரித்துவிட்டன.

ஊரிலிருந்து பதில் வந்தது. மாமனாருக்குச் சந்தோஷம். ஐந்தாம் மாதம் தாமே அழைத்துவருவதாகவும், எந்தத் தேதியில் தாதரில் இறங்குவார்கள் என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன்.

எட்டாம் நாள் விடியற்காலையில், மூன்றில் ஒன்று கூவியது.

சரி, ஒன்று சேவலாக இருந்தால்தானே மற்ற இரண்டும் பெட்டையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாலு நாள் கழித்து இரண்டாவது கூவியது. மூன்றாவதன் மேல் உயிரை வைத்திருந்தேன். அதற்கு விசேஷமாக அரிசிக் குருணை வாங்கிப் போட்டேன். அது குருணையைத் தின்று தெம்பாகி, மற்ற இரண்டையும்விட உரக்கக் கூவியது. அந்த மராட்டி அம்மாள் ஏன் இரண்டு தடவை மண் நிறக் குஞ்சுகளை நீட்டினாள் என்று அப்போதுதான் விளங்கியது. கோழி ஜாதியில் மினுக்கெல்லாம் ஆணுக்குத்தான். பெட்டை மண் நிறத்தில்தான் இருக்கும். தோல் பொறுக்கிப் பழகிய கண் எனக்கு மூன்று சேவலைப் பொறுக்கிக் கொடுத்திருந்தது.

ஊருக்கு உண்மையை எழுதியிருக்கலாம். இரண்டு முறை இன்லண்ட் வாங்கி உட்கார்ந்தேன். எழுதினால் மாமனார் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவார் என்ற பயத்தில் பேனா நகரவில்லை. அதற்குப் பதிலாக சீத்தா கேம்ப்வரை போய், தெரிந்த ஒரு வீட்டில் கெஞ்சி, முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு மண் நிறப் பெட்டையை வாங்கிவந்தேன். நேற்றுக்கூட முட்டையிட்டது என்று அந்த வீட்டு அக்கா தலையிலடித்துச் சத்தியம் செய்தாள். பொய்யில்லை. ஆனால் இடம் மாறின கோழி மிரண்டுபோய் முட்டையை நிறுத்திவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? போதாததற்கு மூன்று சேவலும் அதைத் துரத்தின. அது என் அறையை ஒட்டியிருந்த கார்கானாவில் கட்டிங் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, யாருடைய மாமனார் வந்தால் எனக்கென்ன என்று பார்த்தது.

அவர்கள் வருகிற நாளும் வந்தது. ஒரு முட்டை இல்லை. காலையில் கடைக்குப் போய் நாலு முட்டை வாங்கி, கூட்டுக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்தேன். செய்தபோதே வெட்கமாக இருந்தது. செய்துவிட்டு தாதருக்கு ஓடினேன்.

மகளை ரயில் பெட்டி ஜன்னல் வழியாகத்தான் முதலில் கையில் வாங்கினேன். கூட்டத்தில் இறங்கிவரப் பொறுமையில்லாமல் மனைவி நீட்டிவிட்டாள். பிள்ளை என்னைப் பார்த்து அழவில்லை. மூக்கைப் பிடித்து இழுத்தது. அந்த நிமிஷம் கோழி, முட்டை, கூடு எல்லாம் மறந்துபோனது. டாக்ஸி தாராவிக்குள் திரும்பும்போதுதான் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

மாமனார் கை கால் கழுவிவிட்டு நேராகக் கூட்டுக்குத்தான் போனார். பித்தளைக் காப்பைத் தடவிப் பார்த்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார். கூரைமேல் நின்ற மூன்று சேவலையும் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் உதவி செய்வதாக நினைத்து, மேஜைக்கு அடியிலிருந்து பெட்டையைப் பிடித்துக்கொண்டுவந்து காட்டினார். மாமனார் ஒரு கையில் அந்தச் சின்னக் கோழியைத் தூக்கிப் பார்த்தார், மறு கையில் பெரிய வெள்ளை முட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். இரண்டையும் அதனதன் இடத்தில் பதனமாக வைத்தார்.

"கோழி சின்னதாத்தான் இருக்கு, முட்டைதான் பெருசு. பம்பாய்த் தண்ணி வாகு போல, மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிங் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு, திரும்பி வந்து என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். நாளைக்கே தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால் நான் எந்த முகத்தோடு தடுப்பேன்?

மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சேவல்னு ஒங்க கடுதாசிய வாசிக்கும்போதே எனக்குத் தெரியும் மச்சான்."

மாமனாருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாது. என் கடிதங்களை இவள்தான் வாசித்துக் காட்டுவாள்.

"வாப்பாட்ட அந்த மூணு வரிய மட்டும் வாசிக்கல."

ஏன் என்று கேட்டேன். முட்டாள் கேட்கிற கேள்விதான், ஆனாலும் அவள் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

"வாசிச்சா மூணும் சேவல்னு வாப்பாக்கும் தெரிஞ்சிரும்லா. பெறவு நான் எப்பிடி வர? ரிட்டன் டிக்கெட்டு ஒண்ணுதான் எடுத்திருக்கோம், வாப்பாக்கு மட்டும்."

எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அவளோ ஒரு பாவாடையை உதறி மடித்துக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள். ஒன்று, கருங்காலிப் பெட்டிக்குப் பாலிஷ் போட்டது போல இருக்கிறது. ஒன்றுக்குக் கழுத்து இறகு, சால்வை மாதிரி தோளில் விழுகிறது. ஒன்றின் வாலில் பச்சை மினுங்குகிறது, வெயில் பட்டால் கண் கூசும், நீயும் பிள்ளையும் வந்து பார்க்கவேண்டும். மூன்று வரியையும் நான் எழுதியபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கடிதம் அவள் கையில் இல்லை.