புதைத்த துணி யாருக்குச் சொந்தம்

மலாயாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பழனியாண்டி ஜாகாவாக இருந்தார். காவல்காரருக்கு அங்கே அதுதான் பெயர். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே அந்த வேலை. திருடனைப் பிடிப்பதைவிட அவன் ஏன் திருடினான் என்று தெரிந்துகொள்வதில்தான் அவருக்கு ஆசை. தேங்காய் திருடியவனை ஆபீசுக்கு இழுத்துப் போகும் வழியில், "பக்கத்து மரத்துல காய் ஜாஸ்தி. இதுல ஏன்டா ஏறுன?" என்று விசாரிப்பார். பதில் மனதுக்குச் சரியென்று பட்டால் பாதி வழியிலேயே விட்டுவிடுவார். துரையிடம் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போனார். ஆண்கள் பலரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கெடாவையே சயாம்காரனிடம் ஒப்படைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இப்போது யாருடைய சட்டம் நடக்கிறது என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அரிசி போனது, மருந்து போனது, கடைசியில் துணியும் போனது. கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு மரவள்ளி நடப் போனார்கள். சாக்கும் கிடைக்காத பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேலைக்கு வராதவர்களுக்கு ரேஷன் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மழை ஒன்று பெய்து, காய்ச்சலில் செத்துப்போன முருகையாவின் குழி உள்வாங்கியது. மண் போடப் போன மகன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். அப்பாவின் மேல் சுற்றிய வேட்டியைக் காணோம். பக்கத்துக் குழிகளைக் கிளறிப் பார்த்தார்கள். அவற்றிலும் துணி இல்லை.

தோட்டமே கொதித்தது. பிணத்தை அம்மணமாக்கியவனின் கையை முறிக்க வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நடராஜா பழனியாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்களே கண்டுபிடிச்சு என்கிட்ட சொல்லுங்க. சுங்கைப்பட்டாணி டவுனுக்குச் சேதி போச்சுன்னா ஜப்பான்காரன் வருவான். அப்புறம் யாரோட உயிர் போகும்னு சொல்ல முடியாது."

பழனியாண்டி இடுகாட்டுக்குப் போய் முருகையாவின் குழிக்குள் இறங்கினார். வேட்டி இருந்த இடத்தில் உடம்பு முழுக்க வாழை இலை. தலைமாட்டிலிருந்து கால் வரை ஓர் இடம் விடாமல் மூடியிருந்தது. இலை விலகாதபடி ஓரங்களில் மண் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவர் அங்கேயே குந்திக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவசரமாகத் திருடுகிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா? இது என்ன மாதிரித் திருட்டு?

அன்றிலிருந்து அவர் குழிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உயிரோடு நடமாடுகிறவர்களின் உடுப்பைப் பார்க்க ஆரம்பித்தார். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத காளியம்மா மரவள்ளிக் காட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் சயாமுக்குப் போனவன். அவள் கட்டியிருந்தது மங்குஸ்தான் தோலில் சாயம் ஏற்றிய துணி. இடுப்பு மடிப்புக்குள் மட்டும் சாயம் சரியாகப் பிடிக்காமல் வேட்டிக் கரை தெரிந்தது.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனார். வயதுக்கு வந்த மகள் கிழிந்த சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். காளியம்மா மறைக்கவில்லை.

"கிராணிகிட்ட சொல்லப் போறீங்களாண்ணே?"

"அது அப்புறம். இலை எதுக்கு வச்ச?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"முருகையா மாமா எனக்கு எத்தனையோ தடவ வெத்தல குடுத்த மனுசன். வெறும் மேலா விட்டுட்டு வர மனசு வரல. மன்னிப்பு கேட்டுட்டுத்தான் உருவுனேன். மத்த குழியில எடுத்ததெல்லாம் மக்கிக் கிழிஞ்சு போச்சு, இந்தப் புள்ளைக்கும் ஒன்னு வேணும்ணே. அவளும் வேலைக்கு வந்தாத்தான் நாங்க பொழைக்க முடியும்."

பழனியாண்டி எழுந்து வந்தார். சாயங்காலம் கிராணியிடம் போனார்.

"ஐயா, பொதைச்ச துணி யாருக்குச் சொந்தம்?"

"செத்தவரோட குடும்பத்துக்கு."

"அவங்கதான் வேணாம்னு மண்ணுக்குள்ள போட்டுட்டாங்களே."

"அப்ப செத்தவருக்கு."

"செத்தவருக்குச் சொத்து உண்டுங்களா?"

நடராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். துரை இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் பேசியிருக்கலாம் என்றார். பிறகு சிரிப்பு போய், "ஆள் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டார். பழனியாண்டி, "இன்னும் பாக்கணும்ங்க" என்றார். கிராணியும் அதற்குமேல் கேட்கவில்லை.

விஷயத்தை அவர் சொன்னது மனைவி மருதம்மாளிடம் மட்டும். அவள் மலேரியாவில் படுத்திருந்தாள். கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்றுதான் அவர் நினைத்தார். சில நாள் கழித்து அவளே பேச்சை எடுத்தாள்.

"பெட்டியில என் கூறைச் சேலை இருக்குல்ல. எனக்குச் சுத்தாதீங்க. அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க. அவ ஆத்தாளுக்குத் தோண்டுற வேலை மிச்சம்."

"என்ன பேச்சு இது?"

"நெசமாத்தான் சொல்றேன் லா. இலை குளுகுளுன்னுதான் இருக்கும். எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது."

அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

பாடையில் இலையைப் பரப்பி, இலையாலேயே அவளை மூடினார் பழனியாண்டி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருதம்மாளின் தம்பி சின்னையா அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்க அக்காவ இலையில சுத்தியா அனுப்புறீங்க மாமா? கூறைச் சேலை எங்க?"

"அவ கேட்டது இதுதான் சின்னையா."

எல்லோர் முன்னாலும் சேலையை எடுத்து நடுவில் கிழித்தார். ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் சந்தேகம் அங்கே போகும். அதனால் ஒரு பாதி காளியம்மாவின் மகளுக்கு. மறு பாதி, அதே நிலையில் கடைசி வீட்டில் அடைந்துகிடந்த இன்னொரு பெண்ணுக்கு. "குழியைத் தோண்ட வேணாம். இனி நாமளே குடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னார். சின்னையா மண் போடக்கூட நிற்காமல் போய்விட்டான்.

ஊர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து நடந்த சாவில் பிணத்துக்கு வேட்டி சுற்றினார்கள், காவலும் போட்டார்கள். அதற்கடுத்த சாவில் ஒரு கிழவரின் மருமகள் யாரையும் கேட்காமல் இலை அறுத்து வந்தாள். பிறகு இலையால் மூடித் துணியை இல்லாதவர்களுக்குக் கொடுப்பதே வழக்கமாகிப் போனது. குழி எதுவும் மறுபடி திறக்கப்படவில்லை. முருகையாவின் மகன் மட்டும் பழனியாண்டியைப் பார்க்கும்போதெல்லாம் திருடன் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவன் முகத்தைப் பார்க்கும்போது பழனியாண்டிக்கு உறுத்தும். காளியம்மா செய்தது குற்றமா என்பதற்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போலவும் இருந்தது, கிடைக்காதது போலவும் இருந்தது.

சண்டை முடிந்து, சுங்கைப்பட்டாணிக் கடைகளில் துணி வந்தது. செத்தவர்களுக்கு மறுபடியும் புதுத்துணி சுற்றினார்கள். காளியம்மாவின் புருஷன் திரும்பவே இல்லை. மகளுக்குக் கூலிம் என்ற ஊரில் கல்யாணம் ஆனது.

ஒருநாள் சின்னையா வாசலில் வந்து நின்றான். அக்கா செத்ததிலிருந்து அவன் அந்தப் பக்கம் வந்ததில்லை.

"இப்பவாவது சொல்லுங்க மாமா. யார் அது?"

"உங்கக்காவுக்குத் தெரியும்" என்றார் பழனியாண்டி. "நீ உக்காரு, கோப்பி போடுறேன்."

சின்னையா கொஞ்சம் தயங்கினான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான்.